எலிப்பொறி எழுதிய பிரச்சினை

மளிகைக் கடையின் மூலையில், சுட்ட தேங்காய்ச் சில்லோடு காத்திருந்த மர எலிப்பொறிக்கு ஒரு மாதமாக ஓர் எலியும் சிக்கவில்லை. அரிசி மூட்டைகளில் ஓட்டை மட்டும் கூடிக்கொண்டே போனது. பொறி ஓர் அட்டையில் எழுதியது: "பிரச்சினை: எலிகள் உள்ளே வருவதில்லை."

காரணத்தைத் தானாக யூகிக்காமல், அந்தப் பக்கம் போன எலியையே கூப்பிட்டுக் கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்றது எலி. "உள்ள வந்தா வெளிய போக வழியில்ல. அதான் எங்காளுங்க தயங்குறாங்க."

பொறிக்கு இது நியாயமாகப் பட்டது. அடுத்த வரியை எழுதியது: "பின்வாசல் வைத்தால் எலிகள் வரும் என்று நம்புகிறோம். வாரத்தில் பத்து வந்தால் நாம் நினைத்தது சரி."

வாசலை எலியே பல்லால் குடைந்து கொடுத்தது.

முதல் வாரமே நாற்பது எலிகள் வந்தன. தேங்காயைத் தின்றுவிட்டு, "இப்ப வசதியா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டும் போயின. பொறி அட்டையில் 'சரி' என்று குறித்துக்கொண்டது.

திங்கட்கிழமை கடைக்காரர் ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார். பொறி அதனிடம் பின்வாசல் வைத்த கதையைச் சொல்லி, அட்டையைப் பெருமையாக நீட்டியது.

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றது பூனை. "அந்தப் பின்வாசல் எந்தப் பக்கம்?"