இடப்பக்கம் சாயும் வண்டி

ஷாம்பு கரைத்த நீரில் துணியை நனைத்து, இடப்பக்கக் காற்றுப் பையின் மடிப்புகளில் எல்லாம் நான் தடவினேன். ஒரு குமிழ்கூட எழவில்லை.

மகிழ்ச்சியில் இன்னொரு முறையும் தடவிப் பார்த்தேன்.

குமிழ் எழவில்லையெனில் பையில் ஓட்டை இல்லை. பையில் ஓட்டை இல்லையெனில் என் வண்டி இன்னும் சாகவில்லை.

அது ஒரு பழைய சொகுசுப் பேருந்து. இருக்கைகளை அகற்றிக் கட்டில், அடுப்பு, கழிவறை ஆகியவற்றைப் பொருத்தி அதை ஒரு வீடாக மாற்றியிருந்தோம். அதன் பின்பாகத்தைத் தாங்குபவை இரும்புப் பட்டைகள் அல்ல. காற்றடைத்த ரப்பர்ப் பைகள். நான் அதனை முதன்முதலாகச் சாலையில் ஓட்டிய நாளுக்கு மறுநாள் தொடங்கியது இக்கோளாறு. எத்தனை முறை காற்றேற்றினாலும் இடப்பக்கம் இறங்கி, வண்டி சாய்ந்தே நின்றது.

வாசற்கதவருகே கங்கைகொண்டானிலிருந்து வந்திருந்த ஒப்பந்தக்காரர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் வண்டி நிமிராவிட்டால் அதனை அவருக்கு விற்றுவிடுவதாக என் கணவர் தேவதாசன் வாக்களித்திருந்தார். ஒப்பந்தக்காரர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தமது பணியிடத்தில் அதை அலுவலகமாக நிறுத்திவிடுவாராம்.

நானோ ஐம்பத்தெட்டாம் வயதில் கனரக வாகன உரிமம் பெற்றவள். தாமிரபரணியை ஒட்டியே வண்டியைச் செலுத்தி, அது கடலில் கலக்கும் இடத்தில் நிறுத்தி, என் அடுப்பில் ஒரு காப்பி போட்டுக் குடிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

"லைசென்சு வாங்குனது காணாதாக்கும், யூனி?" என்று அதற்கும் கேலி செய்தவர் என் கணவர்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர். வண்டி வீட்டுக்கு வந்த அன்று, கொண்டுவந்த ஓட்டுநர் சக்கரங்களின் அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி மதிலுக்கு அப்பால் எறிந்தார். பின்பு விசுவாசம் என்றால் என்னவென்று தெரு முழுவதும் கேட்கும்படி அந்த ஓட்டுநருக்கு எடுத்துரைத்தார்.

வண்டிக்கென அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. முன்னாள் சாரண ஆசிரியர் அல்லவா? எரிவாயு உருளை, பாத்திர அடுக்கு, மடக்கு நாற்காலிகள் எல்லாவற்றையும் கயிற்றால் கட்டித் தந்தார். இரண்டு சுற்று, ஒரு சுருக்கு, முனையைத் திருப்பி உள்ளே ஒரு செருகல். அந்த முடிச்சு அவருக்கே உரியது.

பை கிழிந்துவிட்டது என்றே மேலப்பாளையத்து மெக்கானிக் முகம்மது மைதீனும் முதலில் சொன்னார். நான் ஒப்பவில்லை. அடிச்சட்டத்துக்குத் தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே அவர் என்னைக் கீழே புகவிட்டு, தாமும் அருகில் வந்து படுத்தார்.

பையில் குமிழ் இல்லை. குழாயில் இல்லை. இணைப்பிலும் இல்லை.

மேலே இருந்த மைதீனின் உதவியாளனிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் காதைத் தீட்டினேன். மெல்லிய சீறல் ஒன்று கேட்டது.

காற்று கசியவில்லை. எதுவோ அதனை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

வண்டியின் உயரத்தைக் காப்பதற்கென ஒரு வால்வு உண்டு. அதன் கை மேலே எழுந்தால் பைக்குள் காற்று ஏறும்; கீழே தாழ்ந்தால் காற்று வெளியேறும். காணொளிகளைப் பார்த்து நான் கற்ற பாடத்தின் சாரம் இதுவே. அந்தக் கையைப் பாருங்கள் என்று நான் கூவ, மைதீன் டார்ச்சை அத்திசையில் திருப்பினார்.

வால்வின் கை, பக்கத்துச் சட்டத்தோடு சேர்த்துக் கீழ்நோக்கி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

கறுப்புக் கயிறு. நடுவில் ஒரு சோழி.

மைதீன் சிரித்த சிரிப்பில் டார்ச்சின் ஒளி ஆடியது.

"யம்மா, கண்ணு படக்கூடாதுன்னு எவனோ கெட்டிப் போட்டிருக்காம்மா. இது மட்டும் நம்ம சாருக்குத் தெரிஞ்சுது, அவன் தோல உரிச்சிருவாவ."

வெளியே முருங்கை மரத்தடியில் நின்றிருந்த என் கணவரின் செருப்புகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவை அசையவில்லை.

மைதீன் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தார். நான் தடுத்தேன். இரண்டு சுற்று, ஒரு சுருக்கு, உள்ளே ஒரு செருகல். எந்த முனையை இழுத்தால் அந்த முடிச்சு அவிழும் என்பது எனக்குத் தெரியும்.

சீறல் நின்றது.

வெளியே வந்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறி எஞ்சினை முடுக்கினேன். காற்றுமானியின் முள் மெல்ல ஏறியது. அடுத்து, என் முதுகுக்குப் பின்னால் இடப்பக்கம் முழுவதும், உறங்கி எழும் யானையைப் போல, அவசரமின்றி எழுந்தது. கோணலாகத் தொங்கிய வேதவசனக் காலண்டர் நேரானது. நான் ஹாரனை நீளமாக அழுத்தினேன். ஒப்பந்தக்காரர் தேநீர்க் குவளையை மதில்மேல் வைத்துவிட்டுத் தம் இருசக்கர வாகனத்தை நோக்கி நடந்தார்.

இறங்கிச் சென்று என் கணவரின் உள்ளங்கையில் அந்தக் கயிற்றை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்ற வண்டியையே பார்த்தார்.

"எபி அப்பா, முன்பக்கம் பம்பர்ல கெட்டுங்க," என்றேன். "அங்கன கெட்டுனா காத்து போவாது."

அவர் தெருவை இருபுறமும் பார்த்தார்.

பிறகு பம்பரின் அருகே மெல்லக் குனிந்து, இரண்டு சுற்றுச் சுற்றினார்.