பதினொன்றரை மணி ரொட்டி

அலமாரி நிறைய ரொட்டியை அடுக்கி வைத்துக்கொண்டே, "ரொட்டி இல்லை" என்றார் பேக்கரிக்காரச் சிடுமூஞ்சி.

"அப்ப அதெல்லாம் என்னண்ணே?"

"அது மத்தவங்களுக்கு. உனக்குப் பதினொன்றரைக்கு."

"இன்னிக்கு ஒரு நாளாவது இப்பவே குடுங்கண்ணே. எதிர் ஆபீஸ்ல ருசி பாக்கறாங்க. ஜெயிச்சா தினம் நாப்பது பேருக்கு மதியச் சாப்பாடு நம்ம கடைதான்."

"பதினொன்றரை" என்று சொல்லி, அவள் முகத்துக்கு நேராகவே ஒரு நீளக் கொட்டாவி விட்டார்.

அந்த பேக்கரிக்கு இரண்டு கடை தள்ளி அவளுடைய சாண்ட்விச் கடை. திறந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் நாள் மட்டும்தான் காலை எட்டு மணிக்கு ரொட்டி கொடுத்தார். மறுநாளிலிருந்து இதே பாட்டு. பின்னால் வந்தவர்களெல்லாம் ரொட்டியோடு போவார்கள், இவள் வெறுங்கையோடு திரும்புவாள். கொசுறாக அந்தக் கொட்டாவி வேறு.

"என்னைப் பாத்தாலே அந்த மனுஷனுக்குக் கொட்டாவி வருது" என்றாள் கணவனிடம். "நாள் முழுக்கச் சுடற ரொட்டிதானே, எனக்கு முன்னாடியே குடுத்தா என்ன குறைஞ்சிடும்? பொறாமை! நாம முன்னுக்கு வந்துடக் கூடாதுன்னு!"

"பேசாம இன்னிக்கு பாக்கெட் ரொட்டி வாங்கிடலாமா?"

"அதுக்குக் கடையை இப்பவே பூட்டிடலாம்."

அவள் விற்பது ஒரே ஒரு பிரெஞ்சு சாண்ட்விச். நீள ரொட்டி, வெண்ணெய், ஹாம் என்கிற பன்றி இறைச்சி, அவ்வளவுதான். தக்காளி கிடையாது, சாஸ் கிடையாது. மூன்றே பொருள் என்பதால் எதிலும் ஏமாற்ற முடியாது. வெண்ணெய்க்காக ஊருக்கு வெளியே பண்ணை வரைக்கும் போய்வருகிறவள் அவள். ருசி எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் கூட்டம் போதவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் கடை தலைநிமிராவிட்டால் மூடிவிடுவது என்று கணவனும் அவளும் பேசி முடித்திருந்தார்கள்.

பதினொன்றரைக்குப் போய் நின்றாள். வரவில்லை. முக்கால் ஆனது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிடுமூஞ்சி உள்ளேயிருந்து ரொட்டிகளை அணைத்துக்கொண்டு வந்தார்.

"அடுப்பு கொஞ்சம் மக்கர் பண்ணிடுச்சு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொழைப்பு கெட்டுப்போனா உங்களுக்கு நல்லாத் தூக்கம் வருமாண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வராதும்மா" என்றார். மறுபடியும் கொட்டாவி.

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள்.

"சூடா இருக்கே, வெண்ணெய் உருகிடும்" என்று கணவன் அலறினான்.

"அலறாம விசிறு!"

அவன் காலண்டர் அட்டையால் ரொட்டிக்கு விசிறினான். ஆறியதும் அவள் நீளவாக்கில் பிளந்தாள். குளிர்ந்த வெண்ணெயைச் சீவல் சீவலாக, விளிம்பு வரைக்கும் வைத்தாள். ஹாமை மெல்லிசாக அரிந்து, மடித்து வைத்து மூடினாள். பன்னிரண்டரைக்கு இரண்டு பேரும் எதிர் ஆபீஸில் நின்றார்கள்.

அங்கே ஏற்கெனவே மூன்று கடைகளின் சாண்ட்விச் மேஜையில் இருந்தது. ஒன்றில் பதினோரு சமாசாரம் அடைத்திருந்தார்கள். ருசி பார்த்தவர்கள் அதைப் பல்லால் கடித்துக் கயிறு இழுக்காத குறை.

ஆபீஸ் மேலாளர் அம்மா இவளுடையதை எடுத்துக் கடித்தார். கறுக் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மேஜையெல்லாம் துகள். அவர் இன்னொரு கடி கடித்தார். மற்றவர்களும் கை நீட்டினார்கள். இரண்டு நிமிஷத்தில் தட்டு காலி.

"நாளையிலேர்ந்து நீங்கதான்" என்றார் மேலாளர் அம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு.

கணவன் இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"வெண்ணெய், ஹாம் எல்லாம் பிரமாதம். ஆனா மத்த மூணு பேரையும் கவுத்தது ரொட்டிதாம்மா. காலைல சுட்டது மத்தியானம் ரப்பராயிடும். இது எந்த பேக்கரி?"

"இதோ, எதிர்ச் சாரியில இருக்கே, அதான்."

"இருக்காதே! போன வருஷம் நாங்களே போய்க் கெஞ்சினோம். காலைல ஒன்பது மணிக்கு அடுப்பை அணைச்சுட்டுப் படுத்துடுவேன், யார் வந்து சொன்னாலும் மறுபடி மூட்ட மாட்டேன்னுட்டாரே!"

அவள் அடுத்த நிமிஷம் பேக்கரியில் இருந்தாள். கல்லாவில் பேக்கரிக்காரரின் மனைவி.

"அண்ணன் எங்கே அண்ணி?"

"மெதுவாப் பேசு. இப்பதான் படுத்தார். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து மாவு பிசையற உடம்பு."

"தினமும் எனக்காகவா அடுப்பை மூட்டறார்?"

"முதல் நாள் உன் கடையில ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லித் தின்னு பாத்தார். 'வெண்ணெய் ஒசத்தி, ஹாம் ஒசத்தி, என் ரொட்டிதான் அந்தப் பொண்ணு மானத்தை வாங்குது'ன்னார். அன்னிலேர்ந்து ஒன்பது மணித் தூக்கம் போச்சு. சொன்னா நீ வேண்டாம்னுடுவியாம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஜெயிச்சுட்டோம் அண்ணி. நாளையிலேர்ந்து இன்னும் இருபது ரொட்டி வேணும். எப்படிக் கேக்கறதுன்னே..."

அண்ணி சுவரைக் காட்டினார். சிலேட்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'நாளை முதல் பதினொன்றரைக்கு இருபது கூட.'

"படுக்கப் போறதுக்கு முன்னாடியே எழுதிட்டார். ஆமா, ரொட்டி வாங்கறப்ப அவர்கிட்ட என்ன கேட்டே? 'நல்ல பொண்ணு, நான் சரியாத் தூங்கறேனான்னு அது ஒண்ணுதான் கேட்டுச்சு'ன்னு சந்தோஷமாச் சொல்லிட்டுப் படுத்தார்."