இடுப்பில் ஒரு புடைப்பு

"வெளியே தெரியவே தெரியாது தம்பி. அதுக்கு நான் கேரண்டி," என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து குட்டி ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர் வெர்னா.

டெல்பர்ட் அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார். டெக்சாஸில் பிறந்து, கோழித் தீவனம் விற்று, ஐம்பதைத் தாண்டியவர். இன்றுவரை பட்டாசு வெடித்தாலும் காதைப் பொத்திக்கொள்வார். அவ்வளவு பெரிய வீரர்.

போன ஞாயிறு அவருடைய சர்ச்சில், துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஆராதனைக்குக் காவல் இருக்கும் பாதுகாப்புப் படைக்கு ஆள் சேர்த்தார்கள். "பிரதர் டெல்பர்ட், இடுப்புல வெச்சிருக்கீங்கதானே?" என்று பாஸ்டர் க்ளைட் எல்லார் முன்னிலும் கேட்டார். "அது இல்லாம நான் வாசப்படி இறங்கறதே இல்ல பாஸ்டர்!" என்று இவர் வாய்ச்சவடால் அடித்துவிட்டார். விடிந்தால் அடுத்த ஞாயிறு. குட்டு உடைந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"அஞ்சு குண்டுதான் பிடிக்கும், ஆனா காத்து மாதிரி கனமே இல்ல. பாக்கெட்ல போட்டா பர்ஸுன்னுதான் நினைப்பாங்க," என்றார் வெர்னா.

"யாராவது கட்டிப்பிடிச்சா?"

"ஒண்ணும் தெரியாது."

டெல்பர்ட்டின் முகம் தொங்கிப்போனது. "வேற காட்டுங்கக்கா."

"இது கணுக்கால்ல கட்டறது. கட்டின பொண்டாட்டிக்கே தெரியாது."

"ஐயோ, வேண்டாம்."

"சரி, இதை பேண்ட்டுக்குள்ள சொருகிக்கலாம். மேல மறைக்கத்தான் கர்த்தர் உங்களுக்குத் தாராளமா கொடுத்திருக்காரே," என்று அவருடைய தொப்பையைப் பார்த்தார் வெர்னா.

"கொஞ்சம் பெருசா, முரட்டுத்தனமா ஏதாவது..."

"ஒளிச்சு வைக்கத்தானே கேட்டீங்க? பீரங்கியா வேணும்?"

டெல்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "ஒளிச்சுத்தான் வைக்கணும்! ஆனா சர்ச் வாசல்ல கட்டிப்பிடிக்கறப்போ அவங்களுக்கு இடிக்கணும். எங்க படையில ஒவ்வொருத்தர் இடுப்பும் இடிக்குதுக்கா. பாஸ்டர் இடுப்பு பாறாங்கல்லு! என்னைக் கட்டிப்பிடிச்சா மட்டும் மெத்து மெத்துன்னு இருக்கு. மானமே போயிடும்."

"சுடத் தெரியுமா?"

"சத்தத்தைக் கேட்டாலே மயக்கம் வந்துடும்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தார் டெல்பர்ட். வெர்னா சிரிக்கவில்லை. கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்த சர்ச்சு?" என்று கேட்டார்.

"ஓடைக்கரை பாப்டிஸ்ட்."

"அட, வந்ததுமே இதைச் சொல்லியிருக்கலாமே!"

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே ரிவால்வர் ஒன்று, உறையோடு. தொட்டுப் பார்த்தால் கெட்டி ரப்பர்.

"துப்பாக்கி பிடிக்கப் பழகறவங்களுக்காகச் செஞ்சது. சுடாது, வெடிக்காது, குண்டே போட முடியாது. ஆனா கட்டிப்பிடிச்சா விலா எலும்பு பேர்ந்துடும்."

டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே இடுப்பில் மாட்டி, சட்டையை இழுத்துவிட்டு, கண்ணாடி முன் நின்றார். உள்ளே ஏதோ இருக்கிறது என்று கண்ணாடிக்கே சந்தேகம் வரும்படி புடைத்தது. நடையே மாறிவிட்டது. இனி நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து கட்டிப்பிடிக்கலாம்.

வாசல்வரை போனவர், எதையோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன்க்கா, நிஜமாவே எவனாவது துப்பாக்கியோட சர்ச்சுக்குள்ள வந்துட்டா?"

"வந்தா என்ன செய்வீங்க?"

"எனக்கென்ன கவலை? மத்தவங்க எல்லார்கிட்டயும் இருக்கே, அவங்க பார்த்துப்பாங்க!"

வெர்னா காலியாகிவிட்ட அட்டைப்பெட்டியை மடக்கிக் குப்பையில் போட்டார்.

"ஆமா தம்பி. இதை வாங்கிட்டுப் போன உங்க சர்ச்சு ஆளுங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. முதல்ல சொன்னது பாஸ்டர்."