ஜேசுராஜின் வால்வுப் பெட்டி

"ஏலே ஜேசுராசு! பெட்டி பேசுதா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லித் தொலை!"

பாட்டு வாத்தியார் அய்யாத்துரை கதவைத் தட்டினார். அவர் பின்னால், கோம்பைக் கடைத்தெருவில், குடையும் பாட்டுப் புத்தகமுமாகச் சபையின் பாடகர் குழு நின்றது. கிறிஸ்துமஸ் பாட்டுகளை இன்று கேசட்டில் பதிவதாக ஏற்பாடு.

ரேடியோ ரிப்பேர்க் கடையின் பின்னறைதான் ஜேசுராஜின் ஸ்டூடியோ. மைக்கின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பிரியாம்ப் பெட்டியை மெட்ராஸில் வாங்க வசதியில்லாமல், பழைய ரேடியோ வால்வுகளைப் போட்டு அவனே ஒன்று பூட்டியிருந்தான். மைக்கில் எறும்பு நடந்தாலும் எடுத்துக் கொடுக்கும் என்று அவனுக்குப் பெருமை.

"பொறுங்கண்ணே, டெஸ்ட்டு நடக்குது. யாரும் சத்தம் போடாதீக!"

"ஒரு மணி நேரமா டெஸ்ட்டா?" என்றாள் குழுவில் நின்ற ஞானபாக்கியம். "பாடப்போறது நாமளா, அந்தப் பெட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அய்யாத்துரை சிரிக்கவில்லை.

"ரோட்டுல விழுந்த மரத்தை வெட்டி, மூணு மணிக்குத்தான் பஸ் விடுறாகளாம். அதுக்குள்ள சரியாகலைன்னா மதுரையில போய்ப் பதிஞ்சுக்கிருவோம், ஆமா!"

"நாங்களும் அந்த பஸ்ஸைத்தாண்ணே பாத்துக்கிட்டு இருக்கோம்."

பெட்டியை மதுரை மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டார் அய்யாத்துரை.

உள்ளே ஜேசுராஜின் மனைவி சுகிர்தத்தின் குரல் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலையாங்க?"

"உஸ்ஸுன்னு இரைச்சல்தான் வருது."

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு!"

"இரு, மைக்கைக் கொஞ்சம் எடம் மாத்தி வச்சுப் பாப்போம்."

"போன வருசம் மாதிரி இதுவும் போயிருச்சுன்னா நான் தாங்க மாட்டேங்க..." விம்மல் வெடித்தது.

போன வருஷம் அவன் பூட்டிய பெட்டி முதல் பாட்டிலேயே புகைந்தது அய்யாத்துரைக்கு நினைவு வந்தது. மனசு இளகிவிட்டது.

"ஏலே, போதும் விடு! பொம்பளப்பிள்ளைய அழ வைக்காத. பெட்டி கிடக்கட்டும். இங்கனயே சும்மா டேப்புல பாடிக்கிறோம். மதுரைக்கெல்லாம் போகல, போதுமா?"

திடீரென்று உள்ளே ஒரு கூச்சல். கதவு படாரென்று திறந்தது. கன்னமெல்லாம் கண்ணீரோடு ஜேசுராஜ் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கேக்குதுண்ணே! பெட்டி எடுத்துக் குடுத்துருச்சுண்ணே!"

வயர் நீண்ட ஹெட்போனை அவர் காதில் மாட்டினான். டக்டக், டக்டக் என்று இடைவிடாமல் ஓடியது சத்தம்.

"அடேயப்பா! என்னா வேகம்! ஒரு அடி தப்பலையே! தாளம் போடுறது யாருலே?"

ஜேசுராஜ் விலகி நின்றான்.

அங்கே பாயில் படுத்தபடி, தன் எட்டு மாத வயிற்றின்மேல் மைக்கை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள் சுகிர்தம்.

"நேத்து மத்தியானத்துல இருந்து அசையவே இல்லண்ணே... இப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு."