ஒழுகிய தொப்பி

"அல்பாக்கா ரோமமாம்! பாதிக்குப் பாதி செம்மறி முடியைக் கலந்திருக்கான், திருட்டுப்பய!"

டிடிகாக்கா ஏரி நடுவிலிருக்கும் தீவில் எலாடியோ கத்தியது அக்கரைவரை கேட்டிருக்கும். மாப்பிள்ளையாக வருபவன் பின்னிய தொப்பியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது தீவு வழக்கம்; அதன்படி, மகள் நிகோலாசாவைப் பெண் கேட்டு வந்த வில்பர் பின்னிக் கொடுத்த தொப்பியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மடை திறந்ததுபோல் ஒழுகியது. ஏற்கனவே பெண் கேட்டு வந்த இரண்டு பேரைச் சந்தேகப்பட்டே விரட்டியவர் அவர்.

"மாமா, அது என்னோட..."

"பேசாதடா! நல்ல அல்பாக்கா ரோமம் உடம்பைக் குத்தாது. இது முள்ளாக் குத்துது! இதைப் பாத்து எந்த மடையன் பொண்ணு குடுப்பான்?"

மனைவி சபீனா நிதானமாகச் சொன்னாள்: "எங்கப்பா குடுத்தாரே! இருபது வருஷம் முன்னாடி நீங்க அவர்கிட்ட கொண்டுவந்த தொப்பி அது. நான்தான் மாத்தி வச்சேன். பையனோடது இந்தாங்க, ஊத்திப் பாருங்க."

ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

மே மாதம் கல்யாணம் முடிந்து, வில்பரும் நிகோலாசாவும் ஏரிக்கரையிலுள்ள புனோ நகருக்குக் குடிபோனார்கள். மருமகனுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று எலாடியோ இன்றும் சொல்லித் திரிகிறார்.