மொட்டைமாடித் தண்டனை

“சார், இடியக்காவை வேற கிளைக்கு மாத்துங்க. இல்லேன்னா அந்த மனுஷன் உசுரு போயிடும்.”

துணி மடிக்கும் பெண் சொல்லி முடித்ததும், பின்னால் நின்ற சலவைப் பிரிவு மொத்தமும் தலையாட்டியது.

மேனேஜர் அந்த ஹோட்டலுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலும் பகலா இரவா என்று தெரியாது.

“எந்த மனுஷன்?”

“இஸ்திரி போடுற அண்ணன் சார். வாயில்லாப் பூச்சி. அவரைத் தினமும் மத்தியான வெயில்ல மொட்டைமாடிக்கு இழுத்துட்டுப் போய் படுக்கை விரிப்பு காயப்போட வைக்கிறாங்க. இங்க இவ்வளவு பெரிய டிரையர் சும்மா கிடக்கு!”

“ஏன்னு கேட்டீங்களா?”

“டிரையர்ல போட்டா விரிப்பு சுருங்குதாம். மடிக்கிறது நாங்க. சுருங்குதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாதா?”

“அவருக்குக் கால் வேற வீங்கிக் கிடக்கு சார்,” என்றார் சலவை மெஷின் ஓட்டுபவர். “வெயில்ல நிக்க வச்சே வீங்க வச்சுட்டாங்க.”

மேனேஜர் எதையும் நோண்டிப் பார்க்காமல் விடுகிற ரகம் இல்லை. “முதல்ல கால் வீங்குச்சா? இல்ல, முதல்ல மாடிக்குப் போனாரா?”



“ரெண்டும் ஒரே சமயம்தான். இதுல என்ன சார் ஆராய்ச்சி?” என்றாள் மடிக்கும் பெண், எரிச்சலோடு.

மேனேஜர் இடியக்காவை அறைக்குக் கூப்பிட்டார். சலவைப் பிரிவின் தலைவி; இடிக்குரலால் வந்த பட்டப்பெயர். அவர் தும்மினால் லிஃப்ட் நின்றுவிடும் என்பார்கள்.

“உங்க மேல புகார். கிளை மாத்த வேண்டியிருக்கும். வீட்டை விட்டுத் தூரமா, தனியா இருக்கணும். உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

இடியக்காவின் முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் சத்தம் குறையவில்லை.

“சொல்ல ஒண்ணுமில்லை சார். வேலைன்னா வேலை. மாத்துறதுன்னா மாத்திக்குங்க. விரிப்பு ஈரமா கிடக்கு, நான் வர்றேன்.”

தப்பு செய்தவர்கள் ஒரு சாக்காவது சொல்வார்கள். இந்த அம்மாள் அதுகூடச் சொல்லவில்லையே! மேனேஜருக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

மத்தியானம் அவர் மறுபடியும் அடித்தளத்துக்குப் போனார். ஒவ்வொரு மாடியிலிருந்தும் அழுக்குத் துணியைப் போடுவதற்கென்று ஒரு பெரிய குழாய் மொட்டைமாடியிலிருந்து அடித்தளம்வரை இறங்குகிறது. அதன் வழியாக இடியக்காவின் குரல் கொட்டியது.

“என்னய்யா நிக்கிற? கை ஓடலையா? அந்த மூலையை இழுத்துக் கட்டு!”

“கேட்டீங்களா சார்?” என்றாள் மடிக்கும் பெண்.

கேட்டார். விடுவிடுவென்று மேலே போனார். ஓசைப்படாமல் மாடிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இஸ்திரி அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை தோள்வரை சுருட்டியிருந்தது, பேன்ட் முழங்காலுக்கு மேல். வீங்கிய காலுக்கு அடியில் ஒரு பெட்டி, அதன்மேல் மடித்துப் போட்ட துண்டு.

விரிப்புகளை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் இடியக்கா. நடுவே ஓடிப்போய்க் குழாயின் வாயில் தலையை விட்டு, “சோம்பேறி! சீக்கிரம்!” என்று ஒரு கத்து. பிறகு மறுபடியும் கொடிக்கு ஓட்டம்.

மேனேஜரைப் பார்த்ததும் அண்ணன் பதறி எழப் பார்த்தார்.

“உட்காருங்க. என்ன இதெல்லாம்?”

“டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார் சார். விட்டமின் டி அடிமட்டத்துல இருக்காம். உடம்புக்குள்ள இருக்கிற அழற்சியைக் காட்டுற அளவு எகிறிக் கிடக்காம்.”

“அது குறைஞ்சதாலதான் இது ஏறிச்சா?”

“நானும் இதையேதான் கேட்டேன். நிறையப் பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கு, எது எதை இழுத்துட்டு வருதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னார். காலுக்குத் தனியா மருந்து, விட்டமினுக்கு மாத்திரை. கொஞ்ச நேரம் வெயிலும் படட்டும்னார். நான்தான் விடியறதுக்கு முன்னாடி கீழ இறங்குனா இருட்டினப்புறம்தானே வெளிய வர்றேன்?”

“ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?”

இடியக்கா கொடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அவருக்கு இவ்வளவு மெதுவாகப் பேசவும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“முன்ன இருந்த மேனேஜர், இடுப்பு வலின்னு வாய் திறந்த பொண்ணை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டார் சார். கீழ ஒருத்தர் காதுல விழுந்தா போதும், ஆபீஸ் வரைக்கும் போயிடும். இவருக்கு இதை விட்டா பொழப்பு இல்லை. எனக்கு என்ன, கெட்ட பேரு புதுசா?”

“அக்காவை மாத்தாதீங்க சார்,” என்றார் அண்ணன். “அனுப்புறதுன்னா என்னை அனுப்பிடுங்க.”

மேனேஜர் ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக் கொடியில் போட்டார். பிறகு நேராகக் குழாயிடம் போய்த் தலையை உள்ளே விட்டார்.

“இந்த ஆளுக்கு இதெல்லாம் பத்தாது! நாளையிலேருந்து நானே வந்து நிக்கிறேன், எப்படி வேலை செய்யாமப் போறார்னு பார்த்துடுறேன்!”

கீழே, மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது.

“போச்சுடா! இடி பத்தாதுன்னு இப்ப மின்னலும் சேர்ந்துடுச்சு!”