மூன்று அங்குலம்

"ஆறடி நாலு அங்குலம்! இவன் பந்தைத் தூக்கிட்டு ஓடப் போறானா, இல்ல மைதானத்துல பல்பு மாட்டப் போறானா?"

கல்லூரி அணிக்குப் புதிதாக வந்த பையனைப் பற்றி ரேடியோவில் ராய்ஸ் ஹட்டன் இப்படிக் கேட்டதும் ஊரிலுள்ள அத்தனை காப்பிக் கடைகளும் சிரித்தன.

எங்கள் ஊரில் ராய்ஸ் சொன்னால் சொன்னதுதான். நாற்பது வருடத்துக்கு முன்னால் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ரன்னிங் பேக்காக மூன்று சீசன் ஓடியவர். அன்றிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர். அலபாமாவில் அதற்குச் சம்பளமும் தருவார்கள்.

"ரன்னிங் பேக்னா பந்தை வயித்தோட அணைச்சுக்கிட்டு, எதிர்ல நிக்கிற மலைமாடுங்களுக்கு நடுவுல குனிஞ்சு பூந்து வெளிய வரணும். இந்தப் பையன் குனிஞ்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும். கூப்பிடுங்க, உங்க கருத்தைச் சொல்லுங்க!"

கூப்பிட்டார்கள். பல் டாக்டர் கூப்பிட்டார், பாதிரியார் கூப்பிட்டார். மைதானத்துக்குப் புது ஸ்கோர்போர்டு வாங்கிக் கொடுத்த டிராக்டர் வியாபாரி மட்டும் ரேடியோவைக் கூப்பிடவில்லை. நேராகக் கோச்சையே கூப்பிட்டுவிட்டார்.

அடுத்த அரைமணியில் கோச் டன்லப் பையனை வரச்சொன்னார்.

"டேரியஸ், சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்துல ஒரு தடவை ஓடிப் பாரு. ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னா பந்தை மறந்துடு. ஓரத்துல நின்னு மத்தவனுக்கு வழி பண்ணிக் குடு."

"என்னைச் சேத்துக்க வந்த எட்டு காலேஜும் அதைத்தான் சொன்னாங்க, கோச். நீங்க ஒருத்தர்தான் ஓட விடறேன்னீங்க. அதுக்காகத்தான் இங்க வந்தேன்."

"தெரியும்ப்பா" என்றார் கோச், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

டேரியஸ் பக்கத்து அறைக்குப் போனான். அங்கே மிஸ் வெர்னா. நாற்பத்தைந்து வருடமாக அணிப் பட்டியலை டைப் அடிக்கிறவர். பெயர், நம்பர், உயரம், எடை. சனிக்கிழமை எல்லார் கையிலும் இருக்கப் போவது அந்தப் பட்டியல்தான்.

"மிஸ் வெர்னா, என் உயரத்தை மட்டும் போடாம விட்டுட முடியுமா?"

"காலியா விட்டா கேள்வி கேப்பாங்க, கண்ணு." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "முதல்ல போய்ச் சாப்பிடு. இதை நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை வர்ணனை அறையில் ராய்ஸ் பட்டியலைப் புரட்டினார்.

"டேரியஸ் ஓக்லி... ஆறடி ஒண்ணு! அட, நாலுன்னு எவன்யா கிளப்பிவிட்டது? மக்களே, ரன்னிங் பேக்குக்குன்னே அளவெடுத்துத் தைச்ச உயரம் இது!"

டேரியஸ் பந்தை வாங்கினான். மூன்று பேரை இழுத்துக்கொண்டு எட்டு கஜம் ஓடி விழுந்தான்.

"பாத்தீங்களா? எவ்வளவு தாழ்வா ஓடறான்! நிஜமாவே ஆறடி நாலா இருந்திருந்தா இது முடியுமா?"

"முடியாது!" என்று கத்தியது கூட்டம். பையன் அவர்கள் கண்ணெதிரேதான் ஓடிக்கொண்டிருந்தான். இருந்தால் என்ன, கையில் பட்டியல் இருக்கிறதே.

பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி இரண்டு டச்டவுன். டிராக்டர் வியாபாரி கோச்சின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "எனக்கு முதல்லயே தெரியும்" என்ற கோச், டேரியஸ்தான் இனி ரன்னிங் பேக் என்று அறிவித்தும் விட்டார்.

ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி, ராய்ஸையும் டேரியஸையும் மிஸ் வெர்னாவின் அறை வாசலில் சேர்த்து நிற்க வைத்தாள். பழைய புலியும் புதுப் புலியும். ராய்ஸின் தலை பையனின் வாயோடு நின்றுவிட்டது.

"நீங்க ஆடின காலத்துல எவ்வளவு உயரம் சார்?"

"ஆறடி" என்றார் ராய்ஸ், பழக்கதோஷத்தில்.

"அப்ப ஒரு அங்குலம்தானே வித்தியாசம் வரணும்?"

ராய்ஸ் அண்ணாந்து பார்த்தார். முகம் மாறியது. "ஒரு நிமிஷம்மா" என்று பையனின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தினார்.

"மிஸ் வெர்னா! முழுசா மூணு அங்குலத்தை முழுங்கிட்டு ஊரையே ஏமாத்தியிருக்கீங்களே! திங்கக்கிழமை ரேடியோவுல நாறடிக்கலைன்னா பாருங்க! இவன் இனிமே பந்தைத் தொட மாட்டான்!"

மிஸ் வெர்னா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தாராளமாச் சொல்லு ராய்ஸ். அப்படியே இன்னொண்ணையும் சேத்துச் சொல்லிடு. அஞ்சடி ஒம்பதுல ஒரு பையன் வந்தான். 'குள்ளப் பயலை எல்லாம் ஓட விடமாட்டேன்'னு அந்தக் காலத்துக் கோச் சொல்லிட்டார்னு, இந்த மேஜை மேல தலையை வச்சு அழுதான். அவனுக்கு மூணு அங்குலம் போட்டுக் குடுத்ததும் நான்தான்."

டேரியஸ் நாகரிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே அந்தப் பெண் கதவைத் தட்டினாள். "சார், படம் எடுத்துடலாமா?"

ராய்ஸ் கோட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தார்.

"ஏம்மா, எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சே எடுத்துடேன்."